ஆக்சிஜன் மெஷின் வாங்கட்டுமா, பம்பை நிறுத்தட்டுமா?

மலேசியாவின் பினாங்கு மாநிலத்துப் பிறை என்ற ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 57. கடிதம் ஆறு பக்கம். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன்.

அவருடைய கணவருக்கு 63 வயது. லோரிப் பட்டறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவர். நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் பிடித்தவர், நான்கு வருடத்துக்கு முன் விட்டுவிட்டார். அரசாங்க மருத்துவமனையில் சிஓபிடி, அதாவது நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று சொல்லி, தினமும் காலையில் இழுக்க ஒரு பம்பும் (இன்ஹேலர்), மூச்சு முட்டினால் இழுக்க நீலப் பம்பும் கொடுத்திருக்கிறார்கள். விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதத்தைப் பார்க்கும் மீட்டர், சும்மா உட்கார்ந்திருக்கும்போது 92, 93 காட்டுகிறது. பிளாட்டில் லிப்ட் கெட்டுப்போய் நாலு மாடி ஏறிய அன்று 88.

கோலாலம்பூரில் உயிரித் தொழில்நுட்பம் படிக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது இந்த எண்களைப் பார்த்துப் பதறிவிட்டான். "ஆக்சிஜன் குறைந்தால் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா சக்தி தயாரிக்காது, மூச்சுக்குழாய்த் தசை பட்டினி கிடந்து செத்துவிடும்" என்று படம் போட்டு விளக்கியிருக்கிறான். அதைக் கேட்ட கணவர், "அந்தத் தசையை இன்னும் தளர வைக்கிற பம்பை ஏன் இழுக்க வேண்டும்?" என்று காலைப் பம்பை நிறுத்தி ஐந்து வாரம் ஆகிறது. ராத்திரி இருமல் கூடியிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் தன் மாமனார் பயன்படுத்திய ஆக்சிஜன் மெஷினை 1,800 வெள்ளிக்கு (ரிங்கிட்) தருகிறேன் என்கிறார். "அஞ்சில் வைத்துவிடுங்கள், தசைக்குச் சத்து ஏறும்" என்று, அதாவது நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் ஓட விடச் சொல்லி, யோசனையும் சொல்கிறார். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒருவர் "மைட்டோகாண்ட்ரியா பவுடர்" விற்கிறார், மாதம் 240 வெள்ளி. இதற்கு நடுவில், பேத்தி பிறந்ததற்கு நேர்ந்துகொண்ட பால்குடத்தோடு தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறியே தீருவேன் என்று கணவர் நிற்கிறார். "மெஷின் வாங்கட்டுமா? பம்பை விட்டது சரியா? மலை ஏற விடலாமா?" இந்த மூன்றுதான் அம்மாவின் கேள்விகள்.

வணக்கம் அம்மா. இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், மற்றது காத்திருக்கலாம். காலைப் பம்பை நாளைக் காலையே மறுபடி தொடங்கச் சொல்லுங்கள். ராத்திரி இருமல் கூடியதற்கு அதை நிறுத்தியதே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இருந்தாலும் சளியின் நிறம் மாறியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, இந்த வாரமே கிளினிக்குக் கூட்டிப்போங்கள்.

இப்போது தம்பி வரைந்த படத்துக்கு வருவோம். தம்பி சொன்னதில் தப்பு ரொம்பக் குறைவு. ஆனால் தசையை மாற்றிச் சொல்லிவிட்டார்.

மூச்சு விடும் தசை வேறு, மூச்சுக்குழாய்த் தசை வேறு

நெஞ்சை விரித்துக் காற்றை உள்ளே இழுப்பது உதரவிதானம். விலா எலும்புகளுக்குக் கீழே குடை மாதிரிக் கவிந்திருக்கும் தசை. அது கை கால் தசையின் இனம், ராப்பகலாக உழைக்கும், களைக்கும். மூச்சுக்குழாயைச் சுற்றிப் பட்டை பட்டையாக ஓடுவது வேறொரு இனம். குடலிலும் ரத்தக்குழாயிலும் இருக்கிற மென்தசை. அது காற்றை இழுக்காது, தள்ளாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் குழாயை இறுக்குவதும் விடுவதும்தான். உங்கள் வீட்டுக்காரருக்குத் தொல்லை கொடுப்பது அந்த இறுக்கம்.

ஆகவே, அம்மா, அந்தத் தசை கொஞ்சம் பலவீனமானால் அவர் இன்னும் நன்றாகவே மூச்சு விடுவார். வேடிக்கையாகச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு இந்தத் தசையால் உருப்படியான பயன் ஏதாவது உண்டா என்று நுரையீரல் ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். குடல்வால் மாதிரி சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு என்று சொல்பவர்களும் உண்டு. கடுமையான ஆஸ்துமாக்காரர்களுக்கு மூச்சுக்குழாய்க்குள் கம்பி விட்டுச் சூடு காட்டி இந்தத் தசையைக் குறைக்கும் சிகிச்சைக்கு அமெரிக்காவில் 2010இல் அனுமதி கொடுத்தார்கள். அது சிஓபிடிக்கான சிகிச்சை இல்லை, செய்துகொள்ளுங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. தசையை வேண்டுமென்றே அழித்தும் அந்த நோயாளிகள் மூச்சுவிட முடியாமல் போய்விடவில்லை என்பதற்காகச் சொன்னேன். பம்ப் செய்வது அதைவிட எவ்வளவோ சாது. இறுகிக் கிடக்கும் தசையிடம் "விடு" என்று சொல்கிறது, அவ்வளவுதான். அதனால் தசை சோம்பேறி ஆவதுமில்லை, சாவதுமில்லை.

ஆக்சிஜன் குறைந்தால் அந்தச் செல்லுக்குள் என்ன நடக்கிறது?

தம்பி படித்தவர், அவருக்காகக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் அடுப்பு வேலை முடித்துவிட்டு வந்து படியுங்கள்.

உடம்பின் எல்லாச் செல்லுக்கும் செலவுக்குக் கையில் இருக்கும் சில்லறை ஏடிபி. ஒரு குளுக்கோஸை ஆக்சிஜனோடு சேர்த்து மைட்டோகாண்ட்ரியா முழுதாக எரித்தால் ஏறக்குறைய 30 ஏடிபி கிடைக்கும். ஆக்சிஜன் இல்லாமல் பாதியில் நிறுத்தினால் மிஞ்சுவது 2 மட்டுமே, கூடவே லாக்டேட் என்ற கழிவு. பதினைந்தில் ஒரு பங்கு வருமானத்தில் குடும்பம் நடத்துவது மாதிரி. தம்பி பயந்தது இந்தக் கணக்கைப் பார்த்துத்தான். கணக்கு சரி. ஆனால் அந்தக் குடும்பத்தின் செலவு எவ்வளவு என்று அவர் பார்க்கவில்லை.

மென்தசை மகா சிக்கனம். ஒரு கதவை மூடியே வைத்திருக்க வேண்டும் என்றால் இரண்டு வழி. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நிற்கலாம். கை தசை அப்படித்தான் செய்கிறது, நொடிக்கு நொடி ஏடிபி கரைகிறது. இல்லையென்றால் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடலாம். மென்தசை தாழ்ப்பாள் போடும் சாதி. ஒருமுறை இறுகினால், பிடியை விடாமல் மெல்ல மெல்லத்தான் செலவு செய்யும். அதே இறுக்கத்தைத் தாங்க, கை தசைக்கு ஆகும் சக்தியில் பத்தில் ஒரு பங்கிலிருந்து முந்நூறில் ஒரு பங்கு வரைதான் அதற்கு ஆகிறது என்று உடலியங்கியல் பாடநூல்கள் சொல்கின்றன. அதோடு, ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதே மென்தசை தன் சர்க்கரையில் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தி லாக்டேட்டாக்கும் பழக்கம் உள்ளது. குறைந்த வருமானத்தில் ஓட்டுவது அதற்குப் புதிதில்லை.

மாணவனாக இருந்தபோது ஆய்வகத்தில் இதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். கினிப்பன்றியின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்த ஒரு கீற்று, சேமியா அளவுதான் இருக்கும். இரண்டு முனையிலும் நூல் கட்டி, 37 டிகிரி உப்பு நீரில் தொங்கவிட்டு, மேல் நூலை ஒரு முள்ளில் மாட்டியிருப்பார்கள். தசை இறுகினால் முள் தாளில் கோட்டை மேலே இழுக்கும். நீருக்குள் ஆக்சிஜன் குமிழி விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நாள் ஆக்சிஜனை மூடிவிட்டு நைட்ரஜனைத் திறந்தோம். கோடு தடாலென்று விழும் என்று காத்திருந்தோம். விழவில்லை. சரிவில் சைக்கிள் இறங்குகிற மாதிரி மெதுவாகக் கீழே வந்தது, ஒரு மட்டத்தில் நின்றுகொண்டது. மறுபடி ஆக்சிஜன் கொடுத்ததும் ஏறிவிட்டது. உப்பு நீரில் சர்க்கரை இருந்தவரை தசை சாகவில்லை. கவனியுங்கள், ஆக்சிஜன் குறைந்தபோது தசை இறுகவில்லை, தளர்ந்தது.

பல நாள், பல வாரம் ஆக்சிஜன் குறைந்தால் செல் வேறு விதமாகச் சமாளிக்கிறது. ஹெச்ஐஎஃப் என்ற ஒரு புரதம் இருக்கிறது. ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது செல் அதைச் செய்த கையோடு குப்பையில் போட்டுவிடும். ஆக்சிஜன் குறைந்தால் அது தங்கிவிடும், மரபணுக்களைத் தட்டி எழுப்பும்: சர்க்கரையை உடைக்கும் நொதிகள் கூடும், மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எரிபொருள் போகும் வாசல் பாதி சாத்தப்படும். செல் இப்படி ஆக்சிஜனை மோப்பம் பிடிக்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் 2019இல் வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமன்சா மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இதைத் தம்பி பட்டினி என்கிறார். நான் சிக்கன நடவடிக்கை என்பேன்.

சரி, 92 என்பது எந்த அளவு குறைவு? ரத்த அழுத்தம் அளக்கும் அதே பாதரச மில்லிமீட்டரில் சொன்னால், நல்ல நுரையீரல் உள்ளவரின் தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் 80 முதல் 100 வரை. மீட்டரில் 92 என்றால் சுமார் 65. 90 என்றால் சுமார் 60. மைட்டோகாண்ட்ரியா தன் வேலையைச் செய்ய, அதன் அருகில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருந்தாலே போதும். போதாததற்கு மூச்சுக்குழாய் ஆக்சிஜன் கடையின் வாசலிலேயே குடியிருக்கிறது: ஒரு பக்கம் மகாதமனியிலிருந்து வரும் தனி ரத்தக்குழாய், மறுபக்கம் குழாய்க்குள்ளேயே ஓடும் காற்று. 92இல் அது பட்டினி கிடக்காது.

சிஓபிடி உள்ளவர்களின் மூச்சுக்குழாய்த் தசைச் செல்களில் மைட்டோகாண்ட்ரியா பழுதாகியிருப்பது உண்மைதான். 2015இல் வெளிவந்த ஆய்வு அதைக் காட்டியது. ஆனால் அங்கே குற்றவாளியாக நின்றது ஆக்சிஜன் பற்றாக்குறை இல்லை, ஆக்சிஜனேற்ற அழுத்தம், அதாவது சிகரெட் புகை போன்றவை கிளப்பிவிடும் ரசாயனத் துரு. பட்டறை வேலை செய்தவருக்குத் துருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நான்கு வருடத்துக்கு முன் அவர் சிகரெட்டை விட்டாரே, மைட்டோகாண்ட்ரியாவுக்கு அதைவிடப் பெரிய வைத்தியம் எவரிடமும் இல்லை. பாசார் மாலாம் பவுடர்க்காரரிடமும் இல்லை. அந்த டப்பாவில் சுகாதார அமைச்சின் எம்.ஏ.எல். பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தாலும் 240 வெள்ளியை மீனுக்கும் முட்டைக்கும் செலவழிப்பது மேல்.

அப்படியானால் படி ஏறினால் ஏன் திணறுகிறார்? குழாய் இறுகியிருப்பதால் இழுத்த காற்று முழுதாக வெளியே வருவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடுகிறது. காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சு ஊதிக்கொள்கிறது. குடை மாதிரி இருந்த உதரவிதானம் தட்டு மாதிரி ஆகிவிடுகிறது. தட்டையான தசையால் இழுக்க முடியாது, களைத்துப் போகிறது. நம் உடம்பு செலவழிக்கும் ஆக்சிஜனில் ஓய்வு நேரத்தில் மூச்சு வேலைக்குப் போவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. நோய் முற்றியவர்களுக்கு அது பல மடங்காகும். தம்பி சொன்ன சக்தித் தட்டுப்பாடு இங்கே வேண்டுமானால் பொருந்தும்: உதரவிதானத்துக்கும், நடக்காமல் கிடந்து சுருங்கிப்போன கால் தசைக்கும். பம்ப் குழாயைத் திறந்தால் காற்று வெளியேறும், உதரவிதானம் மறுபடி குடையாகும். பம்பை நிறுத்தியவர் நோகடிப்பது இந்தத் தசையைத்தான்.

ஆக்சிஜன் மெஷின்

வாங்க வேண்டாம். இப்போது வேண்டாம்.

ஆக்சிஜன் ஒரு மருந்து, அதற்கு அளவு உண்டு. 1980, 1981இல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகள், ரத்த ஆக்சிஜன் மிகவும் குறைந்தவர்களுக்கு (அழுத்தம் 55க்குக் கீழே, மீட்டரில் ஏறக்குறைய 88ம் அதற்குக் கீழும்) தினமும் 15 மணி நேரத்துக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் ஆயுள் கூடும் என்று காட்டின. அதற்கு மேலே இருப்பவர்களுக்கு? 2016இல் அமெரிக்காவில் 738 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஓய்வில் 89 முதல் 93 வரை இருந்தவர்களும், நடக்கும்போது மட்டும் மிதமாக இறங்கியவர்களும் அதில் இருந்தார்கள். ஆக்சிஜன் வாங்கியவர்களும் வாங்காதவர்களும் ஆயுளிலும் சரி, மருத்துவமனையில் சேர்வதிலும் சரி, ஒரே மாதிரிதான். உங்கள் வீட்டுக்காரர் நிற்பது இந்த இடத்தில்.

பயனில்லை என்பதோடு நின்றால் பரவாயில்லை. "அஞ்சில் வைத்துவிடுங்கள்" என்ற யோசனை ஆளையே கொல்லக்கூடியது. மூச்சுக்குழாய்த் தசைக்கு அடுத்த வீட்டிலேயே நுரையீரல் ரத்தக்குழாயின் மென்தசை இருக்கிறது. ஒரே இனம், குணம் நேர் எதிர். ஆக்சிஜன் குறைந்தால் இது தளராது, இறுகும். 1946இல் சுவீடனில் ஆய்லரும் லில்யஸ்ட்ராண்டும் பூனைகளில் இதைக் காட்டினார்கள். இது நோய் இல்லை, புத்திசாலித்தனம்: காற்று வராத அறைக்கு ரத்தத்தை அனுப்பி வீணாக்காமல் வாசலைச் சாத்துகிறது. நீங்கள் ஆக்சிஜனை அள்ளிக் கொட்டினால் சாத்திய வாசல்களெல்லாம் திறந்துகொள்ளும், காற்றோட்டமில்லாத அறைகளுக்கு ரத்தம் ஓடும், கரியமில வாயு வெளியேறாமல் ரத்தத்தில் சேரும். மூச்சு விடும் உந்துதலும் ஓரளவு குறையும். விரல் மீட்டரோ 98 காட்டிக்கொண்டிருக்கும், ஏனென்றால் கரியமில வாயு அதற்குத் தெரியாது. "நல்லாத் தூங்குறாரு" என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

2010இல் டாஸ்மேனியாவில் ஆம்புலன்ஸ் ஊழியர்கள் இதைச் சோதித்தார்கள். சிஓபிடி உறுதியானவர்களில் ஆக்சிஜனை அள்ளிக் கொடுத்த பிரிவில் நூற்றுக்கு 9 பேர் இறந்தார்கள்; 88 முதல் 92க்குள் நிற்கும்படி அளந்து கொடுத்த பிரிவில் 2 பேர். அதனால்தான் கரியமில வாயு சேரும் அபாயமுள்ள சிஓபிடி நோயாளிக்கு 88–92 என்பதையே நாங்கள் இலக்காக வைக்கிறோம்.

பழைய மெஷினுக்கு இன்னொரு குறையும் உண்டு. காற்றிலிருந்து நைட்ரஜனைச் சலித்தெடுக்கும் உள்சல்லடை ஈரத்திலும் வயதிலும் கெட்டுப்போகும். சத்தம் வரும், குமிழி வரும், ஆக்சிஜன் பாதிதான் வரும். அளக்கும் கருவி இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் வீட்டில் சாமி மேடை விளக்கும் சாம்பிராணியும் தவறாமல் எரியும் என்று கடிதத்தின் நடுவில் எழுதியிருக்கிறீர்கள். ஆக்சிஜன் குழாயும் தீயும் ஒரே அறையில் இருக்கவே கூடாது.

அப்புறம் அந்த 92. இதையும் முழுதாக நம்பாதீர்கள். விரல் மீட்டர் இரண்டு மூன்று புள்ளி முன்னே பின்னே காட்டும். கருத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும் வாய்ப்பு உண்டு என்று 2020இல் வந்த அமெரிக்க ஆய்வு எச்சரித்தது; மீட்டர் 92 முதல் 96 காட்டிய கறுப்பின நோயாளிகளில் நூற்றுக்குப் பதினொன்றுக்கும் மேல் உண்மையில் 88க்குக் கீழே இருந்தார்கள், வெள்ளையரில் அது நான்கைக்கூடத் தொடவில்லை. நம் ஆட்களின் தோல் நிறத்துக்கும் இதை நினைவில் வைப்பது நல்லது. ஆகவே வீட்டில் எண் பார்த்து முடிவு கட்டாமல், மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். ஊசி கொஞ்சம் வலிக்கும். உடம்பு நிதானமாக இருக்கும்போது, சில வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து, இரண்டிலும் 55க்குக் கீழே வந்தால், அப்போது ஆக்சிஜன் வீட்டுக்கு வரட்டும், டாக்டர் எழுதிக்கொடுக்கும் அளவில்.

அடுத்த அப்பாய்ன்ட்மென்டில் கேட்க வேண்டியவை

தமனி ரத்தப் பரிசோதனை, ஆறு நிமிட நடைச் சோதனை இரண்டும். பம்பை இழுக்கும் முறையை மருந்தாளர் முன்னால் ஒரு தடவை செய்து காட்டச் சொல்லுங்கள். இத்தனை வருடத்தில் நான் பார்த்தவர்களில் பாதிப் பேர் மருந்தை நாக்குக்குத்தான் கொடுக்கிறார்கள். நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சிக்குப் பெயர் பதியுங்கள், கால் தசைக்கு அதுதான் மருந்து. ஃபுளூ, நிமோனியா தடுப்பூசி போட்டாயிற்றா என்று கேளுங்கள். பம்பை ஐந்து வாரம் நிறுத்தியதை மறைக்க வேண்டாம். திட்டுவார்கள் என்று பயந்து மறைத்தால், மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டிவிடுவார்கள்.

பட்டறையில் வெல்டிங் புகை, பெயிண்ட், தூசு என்று எழுதியிருந்தீர்கள். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோவில் தொழில்சார் நோய்க்கு இழப்பீடு உண்டு. சிகரெட்டும் இருப்பதால் எளிதில் கிடைக்கும் என்று ஆசை காட்ட மாட்டேன். ஆனால் மருத்துவ அறிக்கை கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. வேலை விவரங்களை அதில் எழுதச் சொல்லி, பெர்கேசோ கவுண்டரில் ஒரு தடவை விசாரித்துவிடுங்கள்.

எதற்குக் காத்திருக்கக் கூடாது என்றால்: ஒரு வாக்கியம் முழுதாகப் பேச முடியாத திணறல், உதடு நீலம் பாய்வது, பகலில் எழுப்ப எழுப்பத் தூக்கம், காலையில் தலைவலியோடு குழப்பம், கையை நீட்டச் சொன்னால் பறவை சிறகடிப்பது போல உதறுவது. உடனே 999. வண்டியில் வருபவர்களிடம் "சிஓபிடி" என்ற சொல்லை முதலில் சொல்லுங்கள், ஆக்சிஜனை அளந்து கொடுப்பார்கள்.

தண்ணீர்மலை

513 படி. நேர்த்திக்கடனைப் பற்றி டாக்டர் பேசக் கூடாது என்பார்கள், நானும் பேசவில்லை. படியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். ஐந்து வாரம் பம்ப் இல்லாமல் இருந்தவர் இந்த நிலையில் ஏறக் கூடாது. பம்பை ஒழுங்காக இழுத்து, ரத்தப் பரிசோதனையும் நடைச் சோதனையும் முடிந்து, பார்க்கும் டாக்டர் சரி என்றால், கூட்டம் இல்லாத ஒரு சாதாரண நாளில், விடியற்காலையில் முயற்சி பண்ணலாம். கிளம்பும் முன் நீலப் பம்ப், எத்தனை இழுப்பு என்பதை டாக்டர் சொல்லட்டும். இருபது படிக்கு ஒரு தடவை நிற்க வேண்டும். நிற்கும்போது சூடான தே தாரேக்கை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விட வேண்டும். உள்ளே தேங்கிய காற்று அப்படித்தான் இறங்கும். மூச்சு அடங்காமல் அடுத்த படியில் கால் வைக்கக் கூடாது. பாதியில் திரும்பினால் திரும்பினதுதான்.

தைப்பூசத்தன்று, அந்த நெரிசலிலும் வெயிலிலும், மேலே போக வேண்டாம். வெள்ளி ரதம் வந்து நிற்கும் செட்டியார் கோயில் கீழேயே, சாலையோரத்தில் இருக்கிறது. பால்குடத்தை அங்கே செலுத்தலாமா என்று குருக்களிடம் கேட்டுப் பாருங்கள். மலைக்குத்தான் போக வேண்டும் என்று அவர் அடம் பிடித்தால், தம்பி அந்த வாரம் கோலாலம்பூரிலிருந்து வரட்டும். குடத்தை அவர் தூக்கிக்கொண்டு ஏறட்டும். அப்பா கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும், நீலப் பம்ப் சட்டைப் பையில்.